சைட்-டு-சைட் விபிஎன்: குறியாக்கம் இருந்தும் கோட்டைவிடும் இடங்கள்

மதுரை கீழமாசி வீதியில் அலுவலகமும் சிந்தாமணிப் பக்கம் கிடங்கும் வைத்திருக்கும் ஒரு மொத்த வியாபார நிறுவனம், தன் கணக்கு மென்பொருளையும் தரவுத்தளத்தையும் மும்பையில் உள்ள கிளவுட் சர்வருக்கு மாற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு இடங்களின் வலையமைப்புகளை இணையத்தின் வழியே மறைபாதை ஒன்றால் இணைப்பதுதான் சைட்-டு-சைட் விபிஎன். அதற்காக, அலுவலகத்து ஃபயர்வாலுக்கும் கிளவுடின் வாசலான விபிஎன் கேட்வேக்கும் இடையே, ஐபிசெக் என்ற குறியாக்க நெறிமுறையில் டனல் ஒன்று போடப்படுகிறது. பில், சரக்கு இருப்பு, வாடிக்கையாளர் பாக்கி என்று எல்லாமே பொது இணையத்தின் வழியாகத்தான் போகின்றன. ஆனால் குறியாக்கம் செய்யப்பட்டுப் போவதால் நடுவழியில் எடுத்துப் பார்ப்பவருக்கு ஒன்றும் புரியாது, ஒரே ஒரு பிட்டை மாற்றி அனுப்பினாலும் மறுமுனை அந்தப் பாக்கெட்டை ஏற்காமல் தள்ளிவிடும். 2001-இல் அமெரிக்க அரசின் தரநிலையாக வெளிவந்த ஏஇஎஸ் என்னும் குறியாக்க முறையை நடைமுறையில் முறிக்கும் வழி இன்றுவரை கண்டுபிடிக்கப்படவில்லை. எனவே, விலைப்பட்டியலில் ‘ஏஇஎஸ்-256’ என்று இருப்பதைப் பார்த்தவுடன் முதலாளியும் நிம்மதி அடைகிறார், அமைத்துக் கொடுத்தவரும் நிம்மதி அடைகிறார். கோளாறுகள் அந்தச் சொல்லைச் சுற்றியுள்ள மற்ற அமைப்புகளில்தான் பெரும்பாலும் நுழைகின்றன.

முதல் தவறு டனல் போடும் அன்றே நடந்துவிடுகிறது. ஐபிசெக்கில் இரு முனைகளும் முதலில் ஐகேஇ என்ற நெறிமுறைப்படி பேசி, எந்தக் குறியாக்கம், தரவு மாறவில்லை என்று சரிபார்க்க எந்த ஹேஷ், சாவியை உருவாக்க எந்த டிஃபி-ஹெல்மன் குரூப் என்று முடிவு செய்துகொள்கின்றன. தொடங்கும் முனை தன்னால் இயன்றவற்றைப் பட்டியலாக அனுப்பும். மறுமுனை அதிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கும். இரண்டும் பொருந்தாவிட்டால் ‘நோ புரோபோசல் சோசன்’ என்று லாக்கில் ஒரு வரி வந்து எல்லாம் நின்றுவிடும். இரவு 9 மணிக்கு, கடை பூட்டும் நேரத்தில் அந்த வரியைப் பார்க்கும் டெக்னீஷியன் பொதுவாகச் செய்வது, அந்தத் திரையில் இருக்கும் எல்லாக் கட்டங்களிலும் டிக் போட்டுவிடுவது. டனல் உடனே பச்சையாகிவிடும். ஆனால் இரு முனைகளும் ஒத்துக்கொண்டது திரிபிள் டெஸ் என்ற பழைய குறியாக்கமும் குரூப் 2 என்ற பழைய டிஃபி-ஹெல்மன் குரூப்பும் ஆக இருக்கலாம்; அந்தப் பச்சை நிறம் அதைச் சொல்லாது. கிளவுட் நிறுவனங்கள் பலவும் பழைய சாதனங்களை ஒதுக்கிவிடாதபடி இயல்பமைப்பைத் தாராளமாகவே வைத்திருப்பதால், அந்தப் பக்கத்திலிருந்து தடுப்பார்கள் என்று நம்பியிருக்க முடியாது. திரிபிள் டெஸ் 64 பிட் துண்டுகளாகக் குறியாக்கம் செய்வது. ஒரே சாவியில் சுமார் 32 ஜிபி அளவுக்குத் தரவு ஓடினால் துண்டுகள் ஒன்றோடொன்று மோதித் தகவல் கசியத் தொடங்கும் என்பதை 2016-இல் ‘ஸ்வீட்32’ ஆய்வு செய்தே காட்டியது. தினமும் பேக்கப் எடுக்கும் ஒரு நிறுவனத்துக்கு 32 ஜிபி பெரிய அளவு அல்ல.

குரூப் 2 இன்னும் மோசமானது. சாவியைப் பரிமாறிக்கொள்ளும் டிஃபி-ஹெல்மன் கணக்கில் 1024 பிட் பகா எண்ணைப் பயன்படுத்துவது அது. அந்த எண் உலகம் முழுவதும் ஒன்றேதான். ஒரு முறை பெருஞ்செலவில் அந்த எண்ணுக்கான கணக்கைப் போட்டு வைத்துக்கொண்டவர், அதைப் பயன்படுத்தும் எந்த இணைப்பையும் மலிவாகத் திறக்கலாம் என்றும், ஒரே ஒரு பகா எண்ணை உடைத்தாலே 66 சதவீத விபிஎன் சர்வர்களின் இணைப்புகளை ஒட்டுக்கேட்க முடியும் என்றும் 2015-இல் ‘லாக்ஜாம்’ ஆய்வாளர்கள் மதிப்பிட்டனர். அத்தகைய செலவைத் தாங்கக்கூடியவை அரசுகள் மட்டுமே என்பது உண்மை; மிளகாய் வற்றல் விலைக்காக எந்த அரசும் மெனக்கெடாது என்பதும் உண்மை. ஆனாலும் 2048 பிட் உள்ள குரூப் 14 அல்லது நீள்வட்ட வளைவுக் கணக்கில் இயங்கும் குரூப் 19, 20 ஆகியவை ஏறக்குறைய எல்லா ஃபயர்வால்களிலும் இலவசமாகக் கிடைக்கும்போது, பழையதை விட்டுவைக்கக் காரணமே இல்லை. ஐகேஇ-யின் முதல் பதிப்பு 2023-இல் அதிகாரபூர்வமாகக் கைவிடப்பட்டதாக அறிவிக்கப்பட்டுவிட்டது; இரண்டாம் பதிப்பு, குறியாக்கத்தையும் சரிபார்ப்பையும் சேர்த்தே செய்யும் ஏஇஎஸ்-ஜிசிஎம், குரூப் 19 அல்லது 20 என்று இரு முனைகளிலும் ஒன்றே ஒன்றை மட்டும் வைத்து மற்ற அனைத்தையும் நீக்கிவிடுவதே சரியான அமைப்பு. இரு முனைகளும் ஒன்றையொன்று அடையாளம் காணும் முதல் கட்டத்துக்குப் பிறகு, தரவுக்கான சாவிகள் உருவாகும் இரண்டாம் கட்டத்தில், டிஃபி-ஹெல்மன் கணக்கை மீண்டும் புதிதாகப் போடச் செய்யும் பிஎஃப்எஸ் என்ற தெரிவையும் விட்டுவிடக் கூடாது. அது இல்லாவிட்டால் புதிய சாவிகள் யாவும் முதல் கட்டத்து ரகசியம் ஒன்றிலிருந்தே பிறக்கும். அது வெளியானால் அதன்வழி வந்த எல்லாச் சாவிகளும் வெளியானதாகவே பொருள்.

அடுத்தது இரு முனைகளும் ஒன்றையொன்று அடையாளம் காணப் பயன்படுத்தும் பகிர்சாவி, அதாவது பிஎஸ்கே. கடையின் பெயரையும் தொடங்கிய ஆண்டையும் சேர்த்து எட்டு எழுத்தில் ஒன்றை வைத்து, அதையே திருமங்கலம், மேலூர், உசிலம்பட்டிக் கிளைகளுக்கும் கொடுத்து, வாட்ஸ்அப் குழுவில் அனுப்பிவிடுவது நம் ஊரில் சர்வசாதாரணம். இதன் ஆபத்தைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். பிஎஸ்கே கசிந்துவிட்டால் நேற்றைய தரவை எடுத்துப் படித்துவிடலாம் என்பது சரியல்ல. குறியாக்கச் சாவி ஒவ்வொரு முறையும் டிஃபி-ஹெல்மன் வழியாகப் புதிதாக உருவாகிறது. கசிந்தால் நேர்வது ஆள்மாறாட்டம். வேறொருவர் உங்கள் கிளையாகக் கிளவுடிடம் வந்து நிற்கலாம்; கிளவுடாக உங்கள் கிளையிடமும் வந்து நிற்கலாம். ஒரே சாவியை எல்லாக் கிளைகளுக்கும் வைத்திருந்தால், ஓர் ஊரில் திருட்டுப்போன ரௌட்டர் எல்லா ஊருக்கும் திறவுகோலாகிவிடும்.

கிளைகளில் இது இன்னும் சிக்கலாகிறது. சாதாரண பிராட்பேண்ட் இணைப்புகள் பலவற்றில் தனி ஐபி முகவரி கிடைப்பதில்லை. ஒரே முகவரிக்குப் பின்னால் பலரை வைத்துத்தான் சேவை தருகிறார்கள். நிலையான ஐபி இல்லாத கிளையைப் பழைய ஐகேஇ-யில் பிஎஸ்கே கொண்டு இணைக்க, ‘அக்ரெசிவ் மோட்’ என்ற தெரிவை இயக்கிவிடுவார்கள். அந்த முறையில் பிஎஸ்கேயைக் கலந்து கணக்கிட்ட ஒரு ஹேஷ் மதிப்பை, குறியாக்கம் தொடங்கும் முன்பே மறுமுனை திறந்த வெளியில் அனுப்பிவிடுகிறது. எவரும் கேட்டு வாங்கிக்கொண்டு, தன் கணினியில் உட்கார்ந்து, அகராதிச் சொற்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கலாம். தவறான முயற்சிகள் உங்கள் லாக்கில் பதிவாகவும் மாட்டா. கடைப் பெயரும் ஆண்டும் சேர்ந்த சாவி அதில் அதிக நேரம் தாங்காது. இரண்டாம் பதிப்பு ஐகேஇ-யில் அக்ரெசிவ் மோடே இல்லை. நிலையான ஐபி இல்லாத இடங்களுக்குச் சான்றிதழ் வழி அடையாளம் காண்பதும் அதில் எளிது. பிஎஸ்கேதான் வேண்டுமென்றால், அமேசான் கிளவுடில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் அதுவே நீண்ட, தாறுமாறான ஒரு சாவியை உருவாக்கித் தரும். அதை மாற்றாமல் வைத்துக்கொள்வது நல்லது. ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும்: அங்கிருந்து இறக்கிக்கொள்ளும் கான்ஃபிகரேஷன் கோப்பில் அந்தச் சாவி அப்படியே எழுத்துகளாக இருக்கும். அந்தக் கோப்பை மின்னஞ்சலில் அனுப்பினால் சாவியையே அனுப்பியதாகும்.

டனல் போட்ட சில நாட்களில் வரும் புகார் வேறு விதமானது. இணைப்பைச் சோதிக்கும் பிங் போகிறது, லாகின் ஆகிறது, பெரிய அறிக்கை எடுத்தால் மட்டும் திரை உறைந்து நிற்கிறது என்பார்கள். உடனே ‘என்கிரிப்ஷன்தான் வேகத்தைத் தின்கிறது’ என்று சொல்லி 256-ஐ 128 ஆக்குவதும், பழைய முறைக்குத் திரும்புவதும், சில சமயம் நல் என்ற குறியாக்கமே இல்லாத தெரிவைப் போட்டுவிடுவதும் நடக்கின்றன. ஏஇஎஸ்-128 போதுமான வலுவுள்ளதுதான், அதில் ஆட்சேபம் இல்லை. ஆனால் நோய் அங்கே இல்லை. ஐபிசெக் ஒவ்வொரு பாக்கெட்டின் மேலும் தன் தலைப்பகுதிகளைச் சேர்ப்பதால், 1500 பைட் நிறைந்த பாக்கெட் வழியில் பொருந்தாமல் தொலைந்துபோகிறது. சிறிய பாக்கெட்டான பிங் சிரமமின்றிப் போய்வருவதும் இதனால்தான். ஃபயர்வாலில், ஒரு பாக்கெட்டில் எவ்வளவு தரவு ஏற்றலாம் என்று சொல்லும் டிசிபி எம்எஸ்எஸ் மதிப்பை 1350 அளவுக்குக் குறைத்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

எல்லாவற்றிலும் நான் அதிகம் அஞ்சுவது டனல் அறுந்த நேரத்தில் எடுக்கப்படும் முடிவுகளைத்தான். அமேசான் ஒரு விபிஎன் இணைப்புக்கு இரண்டு டனல்கள் தருகிறது. ஒன்றைப் பராமரிப்புக்காக நிறுத்தும்போது மற்றது தாங்க வேண்டும் என்பதற்காகவே அந்த ஏற்பாடு. ஒன்றை மட்டும் அமைத்துவிட்டு ‘வேலை செய்கிறது’ என்று போய்விட்டால், மாதத்தின் 20-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கல் செய்யக் கடைசி நாளாக இருக்கும்போது டனல் இறங்கும். கணக்காளர் தவிக்கிறார் என்பதற்காக, ரிமோட் டெஸ்க்டாப்பின் 3389 போர்ட்டையோ எஸ்கியூஎல் சர்வரின் 1433 போர்ட்டையோ உலகத்துக்கே திறந்துவிடுவார்கள். மாலைக்குள் டனல் திரும்பிவிடும். திறந்த போர்ட்டை மூட ஒருவருக்கும் நினைவிருக்காது. அதன்பின் குறியாக்கம் எத்தனை பிட்டாக இருந்தாலும், அதைச் சுற்றிக்கொண்டு வருவதற்கு ஒரு வழி இருந்துகொண்டே இருக்கும்.

டனல் பாதுகாப்பது கேட்வேயிலிருந்து கேட்வே வரை மட்டுமே என்பதும் மறக்கப்படுகிறது. கிடங்கில் உள்ள வைஃபையிலிருந்து ஃபயர்வால் வரையும், கிளவுட் கேட்வேயைத் தாண்டித் தரவுத்தளம் வரையும் அதே பாக்கெட்டுகள் டனலின் மறைப்பின்றிப் பயணிக்கின்றன. எனவே தரவுத்தள இணைப்புக்குத் தனியாக டிஎல்எஸ் என்ற குறியாக்கம் தேவை. லீஸ்டு லைன் என்னும் வாடகைத் தனி இணைப்பு, சேவை நிறுவனத்தின் தனி வலையமைப்பான எம்பிஎல்எஸ், கிளவுடுக்கான நேரடி இணைப்பு ஆகியவற்றுக்கும் இது பொருந்தும். தனிப்பாதை என்பதால் அவற்றில் குறியாக்கம் இருப்பதாகப் பலர் எண்ணுகிறார்கள். நாமாகச் சேர்க்காதவரை பொதுவாக இருப்பதில்லை.

சரிபார்க்க இரண்டு பார்வைகள் போதும். ஃபயர்வாலின் நிலைப்பக்கத்தில், நாம் எழுதியதைப் பார்ப்பதை விட்டு, இப்போது உண்மையில் ஒத்துக்கொள்ளப்பட்டுள்ள குறியாக்கமும் குரூப்பும் எவை என்று பார்க்க வேண்டும். பிறகு, இணையப் பக்கத்து இன்டர்ஃபேஸில் பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப் கருவியை ஓட்டி, கிளவுடுக்குச் செல்பவை, யுடிபி 500 போர்ட்டில் நடக்கும் ஐகேஇ பேச்சு போக, ஐபிசெக் குறியாக்கம் செய்த இஎஸ்பி பாக்கெட்டுகளாகவோ யுடிபி 4500 போர்ட்டிலோ மட்டும் இருக்கின்றனவா, வேறு எதுவும் நழுவுகிறதா என்று கவனிக்க வேண்டும். லினக்ஸில் ஸ்டிராங்ஸ்வான் என்ற ஐபிசெக் மென்பொருள் கொண்டு டனல் போட்டவர்கள் கர்னலின் ஐபிசெக் நிலையைத் திரையில் வரவழைக்கும்போது, நடப்பிலுள்ள குறியாக்கச் சாவிகளும் பதினாறடிமான எண்களாக அதிலேயே அச்சாகும். உதவி கேட்டு அந்த வெளியீட்டை அப்படியே சப்போர்ட் டிக்கெட்டில் ஒட்டுபவர்கள் உண்டு. ஒட்டிவிட்டால் உடனே ரீகீ செய்து, அதாவது புதிய சாவிகளுக்கு மாறி, அந்தச் சாவி நடப்பில் இருந்த நேரம் முழுவதும் போன தரவு வெளியானதாகவே கொள்ள வேண்டும்.