பழைய டெஸ்க்டாப் ஆன் ஆகவில்லையா? மதர்போர்டைத் தூக்கிப்போடும் முன்

"போர்டு போயிருச்சுங்க, புதுசு வாங்கிக்கங்க." பழைய டெஸ்க்டாப்பைக் கடைக்குத் தூக்கிப் போனால் பெரும்பாலும் இதுதான் பதில். வாங்கலாம்தான். ஆனால் ஈரோட்டில் மஞ்சள் எடைபோடும் தராசைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் 9 பின் காம் போர்ட், திருப்பூர் பனியன் கம்பெனியில் கார்பன் வைத்து பில் அடிக்கும் டாட் மேட்ரிக்ஸ் பிரின்டருக்கான 25 பின் எல்.பி.டி. போர்ட், இரண்டும் புது போர்டுகளின் முதுகில் அபூர்வம். அதனால்தான் 945, ஜி31, ஜி41 என்ற பழைய இன்டெல் சிப்செட் போர்டு போட்ட பெட்டிகளை நம் பக்கம் இன்னும் விடாமல் ஓட்டுகிறார்கள். எங்கள் அலுவலகத்தில் அப்படி ஒன்று படுத்து, எழுந்தது. அதில் செய்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதலில் பஞ்சு

கரன்ட் வயரைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடியுங்கள். மிச்சமிருக்கும் கரன்ட் இறங்கட்டும். பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றுங்கள். தறியோ நிட்டிங்கோ ஓடும் கட்டடம் என்றால் சிபியு ஃபேனுக்கு அடியில் தலையணை தைக்கிற அளவுக்குப் பஞ்சு இருக்கும். பெயின்ட் பிரஷ்ஷும் ப்ளோயரும் போதும். வேக்குவம் கிளீனரை உள்ளே விடாதீர்கள், அதில் உண்டாகும் நிலைமின்சாரம் சிப்புக்கு ஆகாது. ப்ளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்.

அப்படியே போர்டில் குட்டி உருளைகளாக நிற்கும் கெபாசிட்டர்களையும் ஒரு பார்வை. தலை தட்டையாக இருக்க வேண்டும். உப்பியோ, பழுப்பாகக் கசிந்தோ இருந்தால் நோய் அதுதான். 2000களின் முற்பகுதி போர்டுகளில் இது சகஜம். சால்டரிங் தெரிந்தவரிடம் கொடுத்து மாற்றலாம்.

இரண்டு பிளக்

கரன்ட் தரும் பெட்டியான எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து 24 பின் பெரிய பிளக் வருவது எல்லோர் கண்ணிலும் படும். சிபியு சாக்கெட்டுக்குப் பக்கத்தில் சதுரமாக 4 பின் பிளக் ஒன்று தனியே உண்டு, 12 வோல்ட்டை பிராசஸருக்குத் தருவது. அது கழன்றிருந்தால் ஃபேன் ஜோராகச் சுற்றும், திரை மட்டும் கறுப்பாகவே நிற்கும். இரண்டையும் கழற்றி, 'டக்' என்று கொக்கி விழும்வரை திரும்ப அழுத்துங்கள்.

ராமைக் கழற்றிக் கேளுங்கள்

இந்தப் பதிவில் ஒன்றே ஒன்றை மட்டும் செய்வதென்றால் இதைச் செய்யுங்கள். ராம் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஆன் செய்யுங்கள். பஸ்ஸர் (போர்டோடு இணைந்த குட்டி ஸ்பீக்கர்) 'பீப்' என்று கத்தினால் போர்டுக்கும் பிராசஸருக்கும் உயிர் இருக்கிறது, ராம் காணோம் என்றுதான் அது அழுகிறது. எத்தனை பீப், எவ்வளவு நீளம் என்ற கணக்கு, கம்ப்யூட்டரை எழுப்ப போர்டிலேயே பதிந்திருக்கும் பயாஸ் மென்பொருளைப் பொறுத்து மாறும். எண்ண வேண்டாம், சத்தம் வந்தாலே போதும்.

வந்ததா? சரி, மறுபடி ஆஃப் செய்து வயரைப் பிடுங்கி, ராமின் தங்க நிற விளிம்பைப் பென்சில் அழிக்கும் வெள்ளை ரப்பரால் இரு பக்கமும் தேய்த்து, தூளைத் துடைத்து, ஒன்றை மட்டும் மாட்டிப் பாருங்கள். அதற்கென்று விற்கும் கிளீனர் ஸ்ப்ரே எல்லாம் வீண் செலவு என்பது என் கட்சி. டி.டி.ஆர்.2, டி.டி.ஆர்.3 என்ற ராம் வகைகள் இரண்டுக்குமே 240 பின்தான், ஆனால் நடுவெட்டு வேறு இடத்தில் இருக்கும். இறங்கவில்லை என்றால் அழுத்தாதீர்கள், திருப்பி வைத்திருக்கலாம், இல்லையேல் அது வேறு ஜாதி ராம்.

முன்பக்கப் பொடி வயர்கள்

என்னை அதிகம் அலைக்கழித்தது இதுதான். பவர் பட்டன், ரீசெட், இரண்டு விளக்கு ஆகியவற்றின் வயர்கள் போர்டின் மூலையில் இரண்டு வரிசைப் பின்களில் உட்காரும். ஒரு வரிசையில் ஐந்து, இன்னொன்றில் நான்கு. 10ஆவது பின் இருக்காது. அந்தக் காலியிடத்தைப் பிடித்துக்கொண்டால் மற்றது சுலபம்.

நான்கு பின் வரிசையில், காலியிடத்தை ஒட்டிய இரண்டு (8, 6) பவர் சுவிட்ச். அடுத்த இரண்டு (4, 2) பவர் விளக்கு. ஐந்து பின் வரிசையில் காலியிடத்துக்கு நேரே இருக்கும் 9ஐ விட்டுவிடுங்கள், அதில் 5 வோல்ட் வரும். 7, 5 ரீசெட். 3, 1 ஹார்டு டிஸ்க் விளக்கு. சுவிட்ச் வயரை எப்படித் திருப்பி மாட்டினாலும் வேலை செய்யும். விளக்குக்கு மட்டும் பிளஸ், மைனஸ் உண்டு. எல்லாத் தயாரிப்பாளரும் இந்த வரிசையைப் பின்பற்றுவதில்லை, போர்டில் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பதே கடைசித் தீர்ப்பு.

பட்டன்மேலேயே சந்தேகமா? வயரை உருவிவிட்டு, கரன்ட் கொடுத்து, 6ஐயும் 8ஐயும் ஸ்க்ரூ டிரைவர் முனையால் ஒரு நொடி தொடுங்கள். பெட்டி ஓடினால் செத்தது பட்டன், போர்டு இல்லை. எங்கள் பெட்டியிலும் அதுதான் கதை, அன்றைக்கு ரீசெட் வயரைப் பவர் சுவிட்ச் இடத்தில் மாட்டிவிட்டோம். இன்றுவரை ரீசெட் பட்டன்தான் பவர் பட்டன்.

பேட்டரி

போர்டில் காசுபோல் உட்கார்ந்து தேதியையும் பயாஸ் அமைப்பையும் காப்பது. சிஆர்2032, 3 வோல்ட், பிளஸ் மேலே பார்க்க. தேதி பின்னால் போய்க்கொண்டே இருந்தால் மாற்றிவிடுங்கள். தேதி தப்பானால் ஜி.எஸ்.டி. தளமே திறக்காமல் அடம்பிடிக்கும்.

பின்சேர்க்கை: ராமைக் கழற்றியும் சத்தமே இல்லை என்று சிலர் கேட்டிருந்தார்கள். பல கேபினெட்டுகளில் பஸ்ஸரே வைப்பதில்லை. கோவை காந்திபுரம் பக்கம் உதிரிபாகக் கடைகளில் கேளுங்கள், போர்டில் ஸ்பீக்கர் என்று போட்ட நான்கு பின்னில் மாட்டினால் போதும்.

பல்லடத்திலிருந்து ஒருவர், விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்து பில்லிங் மென்பொருள் யு.எஸ்.பி. கன்வர்ட்டரில் பிரின்ட் எடுக்கவில்லை என்றார். அப்படியே மாட்டினால் எடுக்காது. அந்த மென்பொருள் நேராக எல்.பி.டி.1ஐத் தேடும், கன்வர்ட்டரோ விண்டோஸுக்கு வெறும் யு.எஸ்.பி. பிரின்டராகத்தான் தெரியும். பிரின்டரைப் போர்டிலேயே மாட்டி, பயாஸில் பேரலல் போர்ட் (எல்.பி.டி.தான்) முடக்கப்படாமல் இருக்கிறதா என்று பாருங்கள். பேட்டரி செத்து பயாஸ் பழைய நிலைக்குப் போனபின், அதைத் திரும்ப ஒருமுறை சரிபார்க்க வேண்டும்.