சமயங்கள் நோயையும் மரணத்தையும் நோக்கும் விதம்: பயில்வது எப்படி?

உலகின் பெருஞ்சமயங்கள் நோயையும் மரணத்தையும் எவ்வாறு நோக்குகின்றன என்று கற்கத் தொடங்குவோரில் பலர் முதலில் ஓர் அட்டவணை போடுகிறார்கள். இடப்புறம் சமயங்களின் பெயர்கள், மேலே மறுபிறப்பு, சொர்க்கம், தகனம், நல்லடக்கம் என்ற தலைப்புகள், கட்டங்களுக்குள் ஆம், இல்லை என்ற விடைகள். தேர்வுக்கு இது உதவலாம். ஆனால் நோயுற்ற ஒருவரின் படுக்கையருகே ஒரு சமயம் என்ன செய்கிறது என்பதை இந்த அட்டவணையிலிருந்து தெரிந்துகொள்ள முடியாது. அதற்குப் பதிலாக, ஒரு மனிதர் நோயில் விழுவது முதல் அவருடைய குடும்பத்தின் துக்கக் காலம் முடிவது வரையிலான வழியை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு சமயத்தையும் அந்த வழியில் தொடர்ந்து சென்று பாருங்கள்.

ஒவ்வொரு மரபிடமும் ஒரே கேள்விகளை ஒரே வரிசையில் கேட்க வேண்டும். நோய் ஏன் வந்தது என்று அந்த மரபு கருதுகிறது? மருத்துவம் பார்ப்பது கடமையா, அனுமதியா? நோயாளிக்காக எந்த விதிகள் தளர்கின்றன? உயிர் பிரியும் நேரத்தில் அருகில் இருக்க வேண்டியவர் யார், உடலுக்குச் செய்ய வேண்டியது என்ன, துக்கம் எத்தனை நாள்? மரணத்துக்குப் பின் என்ன என்ற கேள்வியைக் கடைசிக்குத் தள்ளிவையுங்கள். அதை முதலில் வைப்பவர்கள் யூத மரபைத் தவறாகப் படித்துவிடுவார்கள் என்பது என் உறுதியான கருத்து. நோயாளி, சாகுந்தறுவாயில் உள்ளவர், துக்கம் காப்பவர் ஆகியோரைப் பற்றி மிக நுட்பமான சட்டங்களை வகுத்த அந்த மரபு, மறுமையின் விவரங்களில் பலவகைக் கருத்துகளுக்கு இடம் விட்டிருக்கிறது.

அடுத்ததாக, குறிப்பேட்டில் மூன்று அடுக்குகளைத் தனித்தனியே எழுதப் பழக வேண்டும்: மூலநூல் சொல்வது, அறிஞர்களும் சமயத் தலைமையும் விளக்கித் தீர்மானித்தது, மக்கள் நடைமுறையில் செய்வது. இவற்றைக் கலந்துவிட்டால் எந்தக் கூற்றையும் சரிபார்க்க முடியாது. தகனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இறந்தோர் உயிர்த்தெழுவர் என்ற நம்பிக்கை கிறித்தவம் முழுவதற்கும் பொதுவானது. ஆயினும் கத்தோலிக்கத் திருச்சபை 1963இல் தகனத்துக்கு இசைவளித்தது. 2016இல் வெளியிட்ட அறிவுரையில் நல்லடக்கமே விரும்பத்தக்கது என்றும், சாம்பலைத் தூவிவிடாமல் புனிதமான இடத்தில் வைக்க வேண்டும் என்றும் கூறியது. கிழக்கு ஆர்த்தடாக்ஸ் சபைகளோ பொதுவாக இன்றும் தகனத்தை ஏற்பதில்லை. எனவே, தகனத்தைப் பற்றிக் கிறித்தவம் கூறுவது என்று தொடங்கும் எந்த வாக்கியமும், எந்தச் சபை, எந்த ஆண்டு என்ற இரண்டையும் சொல்லாதவரை முழுமை பெறாது. நோயில் பூசுதல் என்ற அருட்சாதனமும் (திருச்சபையின் புனிதச் சடங்குகளுள் ஒன்று) அப்படித்தான். யாக்கோபு திருமுகத்தின் 5ஆம் அதிகாரத்தில் வேரூன்றிய அது, பல நூற்றாண்டுகளாக இறுதிப் பூசுதல் என்ற பெயரில் சாகுந்தறுவாய்க்கு உரியதாகவே கருதப்பட்டது. கத்தோலிக்க ஆயர்களின் மாநாடான இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு, 1972இல் திருத்தப்பட்ட சடங்குமுறை, கடும் நோயில் இருக்கும் எவருக்கும் நெற்றியிலும் கைகளிலும் எண்ணெய் பூசும் வழக்கமாக அதை விரிவாக்கியது.

மூலநூல்களைப் படிக்கும்போது பொதுக் கொள்கைகளைத் தேடுவதைவிட, ஒரு குறிப்பிட்ட நோயாளி தோன்றும் பகுதிகளைத் தேடுவது பெரும் பயன் தரும். யூதச் சட்ட விவாதங்களின் தொகுப்பான தல்மூதின் யோமா பகுதியில், கடும் நோன்பு நாளான யோம் கிப்பூரில் நோயாளிக்கு உணவு தரலாமா என்ற கேள்வி எழுகிறது. உணவு வேண்டும் என்று நோயாளி சொல்லி, வேண்டியதில்லை என்று மருத்துவர் சொன்னால் நோயாளியின் சொல்லையே கேட்க வேண்டும் என்கிறது அந்த விவாதம். உள்ளத்தின் கசப்பு அந்த உள்ளத்துக்கே தெரியும் என்ற நீதிமொழி வசனம் அதற்குச் சான்றாகிறது. மருத்துவர் வேண்டும் என்று சொல்லி நோயாளி மறுத்தால், அப்போது மருத்துவரின் சொல்லைக் கேட்க வேண்டும். அதாவது, இருவரில் எவர் உணவு தேவை என்கிறாரோ அவர் பக்கமே தீர்ப்புச் சாய்கிறது. உயிரைக் காப்பது ஓய்வுநாள் விதியையும் மீறத்தக்க கடமை என்ற யூதக் கோட்பாடு இந்தச் சிறு உரையாடலில் முழுமையாகத் தெரிகிறது.

இசுலாத்தைப் பயிலும்போது, எல்லாம் இறைவன் விதித்தபடியே நடக்கும் என்ற விதிக்கொள்கையை மட்டும் படித்துவிட்டு, இவர்கள் நோயை இறைவன் விட்ட வழி என்று ஏற்றுக்கொள்வார்கள் என முடிவுகட்டுவோர் உண்டு. அவர்கள் பார்க்க வேண்டிய நிகழ்ச்சி ஒன்று உண்டு. கி.பி. 639ஐ ஒட்டி, சிரியாவை நோக்கிச் சென்ற கலீஃபா உமர், அங்கே கொள்ளைநோய் பரவியிருப்பதை வழியிலேயே கேள்விப்பட்டுத் தம் கூட்டத்துடன் திரும்ப முடிவு செய்தார். இறைவனின் விதியிலிருந்து ஓடுகிறீரா என்று நபித்தோழர் அபூ உபைதா கேட்டபோது, ஆம், இறைவனின் ஒரு விதியிலிருந்து இறைவனின் மற்றொரு விதியை நோக்கி ஓடுகிறோம் என்ற பொருளில் அவர் விடையளித்தார். நோய் பரவிய ஊருக்குள் நுழையாதீர், அங்கேயே இருந்தால் வெளியேறாதீர் என்ற நபிமொழி அவ்வேளையில் எடுத்துக்காட்டப்பட்டதாக ஹதீஸ் (நபிமொழி) தொகுப்புகள் பதிவு செய்கின்றன. இதனுடன், நோயாளிக்கு ரமலான் நோன்பில் சலுகை அளிக்கும் குர்ஆனின் 2ஆம் அத்தியாய வசனங்களையும் சேர்த்துப் படித்தால், விதியும் முன்னெச்சரிக்கையும் ஒரே நம்பிக்கைக்குள் எப்படிப் பொருந்துகின்றன என்பது விளங்கும்.

பௌத்தத்துக்கு, துறவியர் ஒழுக்க விதிகளின் தொகுப்பான விநய பிடகத்தின் மகாவக்கம் என்ற பகுதியிலிருந்து தொடங்குவது நல்லது. வயிற்றுக்கடுப்பால் தன் கழிவிலேயே கிடந்த ஒரு பிக்குவைக் கண்ட புத்தர், ஆனந்தரைத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, தாமே நீர் ஊற்ற, ஆனந்தர் உடலைக் கழுவினார். புத்தர் தலைப்பக்கமும் ஆனந்தர் கால்பக்கமுமாகத் தூக்கிப் படுக்கையில் கிடத்தினர். எனக்குப் பணிவிடை செய்ய விரும்புபவர் நோயாளிக்குப் பணிவிடை செய்யட்டும் என்ற அறிவுரை அதன்பின் வருகிறது. தொடர்ந்து, பராமரிக்கக் கடினமான நோயாளி எப்படிப்பட்டவர் என்றும் அந்நூல் கூறுகிறது: ஒவ்வாததைச் செய்பவர், அளவறியாதவர், மருந்து உட்கொள்ளாதவர், நோயின் நிலையை உள்ளபடி சொல்லாதவர், வலியைப் பொறுக்காதவர். எல்லாம் துன்பம் என்ற ஒற்றை வரியோடு பௌத்தத்தை முடித்துக்கொள்பவர்கள் இந்த அளவுக்கு நெருக்கமான அக்கறையைக் காணாமலே போகிறார்கள்.

இந்து மரபில் ஒரே நூல் என்று எதையும் கைகாட்ட முடியாது. நசிகேதன் யமனிடம் கேட்கும் கேள்விகளுக்குக் கடோபநிடதம், உடலை ஆடையாகக் காணும் கருத்துக்குப் பகவத் கீதையின் 2ஆம் அத்தியாயம், இறுதிச் சடங்குக்கு வீட்டுச் சடங்கு நூல்களான கிருஹ்ய சூத்திரங்கள் என்று கேள்விக்கு ஏற்ப நூல் மாறும். நோய்க்கெல்லாம் கர்மவினையே காரணம் என்று எழுதுமுன் ஆயுர்வேத நூலான சரக சம்ஹிதையைப் பாருங்கள். அது சிகிச்சையைத் தெய்வத்தைச் சார்ந்தது, யுக்தியை (பகுத்தறிவை)ச் சார்ந்தது, மனத்தை அடக்குவது என மூன்றாகப் பகுக்கிறது. சீக்கியத்தில், உறங்குமுன் ஓதும் கீர்த்தன் சோஹிலா என்ற வழிபாட்டுப் பாடலே தகனத்தின்போதும் ஓதப்படுகிறது என்ற ஒரு செய்தியிலிருந்து தொடங்கினால் போதும்.

மூலநூல்களுக்குப் பின் இன்றைய சிக்கல்களுக்கு வர வேண்டும். ஒரு சமயம் எவ்வாறு சிந்திக்கிறது என்பது இங்கேதான் வெளிப்படையாகத் தெரியும். மூளைச்சாவு நல்ல எடுத்துக்காட்டு. 1968இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகக் குழு அதற்கான அளவுகோல்களை முன்வைத்த பிறகு, இதயம் துடித்துக்கொண்டிருக்கும் ஒருவரை இறந்தவர் எனலாமா என்ற கேள்வி எல்லா மரபுகளுக்கும் வந்து சேர்ந்தது. 1986இல் அம்மானில் கூடிய பன்னாட்டு இசுலாமிய ஃபிக்ஹ் (சமயச் சட்ட) அகாதமியும், அதே ஆண்டில் இசுரேலின் தலைமை ரப்பி அவையும் மூளைச்சாவை ஏற்கும் முடிவுக்கு வந்தன. இரு மரபுகளிலும் அதை மறுக்கும் அறிஞர்கள் இன்றும் இருக்கிறார்கள். உணவைப் படிப்படியாகக் கைவிட்டு உயிர் துறக்கும் சமணத்தின் சல்லேகனை விரதத்தை 2015 ஆகஸ்டில் ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் சட்டவிரோதம் என்றது. அதே மாத இறுதியில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்திவைத்தது. இத்தகைய இடங்களில் இரு தரப்பின் வாதங்களையும் அவரவர் சொற்களிலேயே எழுதிவைக்க வேண்டும். யெகோவாவின் சாட்சிகள் இரத்தம் ஏற்ற மறுப்பதைக் குறிக்கும்போதுகூட, அவர்கள் ஆதாரமாகக் காட்டும் வசனத்தையும், மற்றக் கிறித்தவர்கள் அதை உணவு பற்றிய விதியாக வாசிப்பதையும் சேர்த்தே எழுதுவதுதான் நேர்மை.

மூன்றாம் அடுக்கான நடைமுறைக்கு மனிதர்களிடம் பேசியே ஆக வேண்டும். அண்மையில் துக்கம் நேர்ந்தவர்களிடம் செல்லாதீர்கள்; அவர்கள் நம் படிப்புக்கான பொருள் அல்லர். இறந்தோரின் உடலைக் கழுவித் துணி சுற்றும் பணியில் உள்ளவர்கள், மருத்துவமனைகளில் ஆன்மிகத் துணை செய்வோர், சடங்கு நடத்துவோர் ஆகியோரிடம் முன்கூட்டியே இசைவு பெற்றுச் செல்லுங்கள். உங்கள் சமயம் என்ன சொல்கிறது என்று கேட்டால் பாடநூல் விடைதான் கிடைக்கும். முதலில் என்ன செய்வீர்கள், அதை யாரிடம் கற்றீர்கள், குடும்பத்தார் வேறுவிதமாகக் கேட்டால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள்.

ஒரு மரபைப் பற்றி எழுதி முடித்ததும், அந்தப் பக்கத்தை அம்மரபைச் சேர்ந்த ஒருவரிடம் படிக்கக் கொடுக்க வேண்டும். இது எங்கள் வழக்கம் இல்லை என்று அவர் ஒரு வரியைச் சுட்டினால், அதை அடித்துவிட வேண்டாம். சொன்னவர் எந்தப் பிரிவைச் சேர்ந்தவர், எந்த நூலை அல்லது பழக்கத்தைக் காட்டி மறுத்தார் என்பதைத் தேதியிட்டு அருகில் எழுதிக்கொண்டு, அதே வரியை அம்மரபின் வேறொரு பிரிவைச் சேர்ந்தவரிடமும் காட்டுங்கள்.