பக்கத்து சீட்டில் ஓபி அடிப்பவர்: நான் செய்த தவறுகளை நீங்களும் செய்யாதீர்கள்

எங்கள் அக்கவுண்ட்ஸ் செக்‌ஷனில் என் பக்கத்து சீட் அண்ணனுக்கு ஒரு பழக்கம். மாதம் 17, 18 தேதி வாக்கில் ஒரு பிரவுன் கவரை என் டேபிளில் வைத்துவிட்டு, "தம்பி, இதுல கொஞ்சம் பில் இருக்கு, போட்டு விட்ருப்பா, எனக்கு ஒரு போன் வருது" என்று எழுந்து போய்விடுவார். ஒருமுறை அந்த 'கொஞ்சம்' 43 பில். எல்லாம் பர்ச்சேஸ் பில், சிலது இரண்டு மாதப் பழசு. ஒன்றில் டீ கிளாஸ் வைத்த வட்டம் அப்படியே பதிந்து, ஜிஎஸ்டி எண்ணின் கடைசி இரண்டு எழுத்து படிக்க முடியாமல் கிடந்தது. சப்ளையருக்கு போன் போட்டு அந்த இரண்டு எழுத்தைக் கேட்டு வாங்கியதும் நான்தான். 20-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-3பி என்ற மாதாந்தர ஜிஎஸ்டி ரிட்டர்னைத் தாக்கல் செய்தாக வேண்டும், தள்ளிப்போனால் நாளுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம், கட்டாத வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. அதனால் 19-ஆம் தேதி இரவு ஒன்பதரை வரை உட்கார்ந்து டேலி என்ற கணக்கு சாஃப்ட்வேரில் ஏற்றிவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புவேன்.

ஏழு மாதம் இப்படி ஓடியது. ஒருநாள் மேனேஜர் எங்கள் பக்கம் வந்து, "உங்க ரெண்டு பேர் வேலையில ஒரு பிரச்சனையும் வர்றதில்லப்பா, நல்லா பண்றீங்க" என்றார். அண்ணன் என்னைவிடப் பணிவாக எழுந்து நின்று, "எல்லாம் உங்க சப்போர்ட் சார்" என்றார்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. யோசித்துப் பார்த்தால் மேனேஜர் மேல் தப்பே இல்லை, அவர் கண்ணுக்குத் தெரிந்தது நேரத்துக்குத் தாக்கலான ரிட்டர்ன் மட்டும்தான். அண்ணன் நோகாமல் நுங்கு தின்றார், நான் வெட்டிக் கொடுத்தேன், வெட்டியது யார் என்று வெளியே தெரியாமலும் நானே பார்த்துக்கொண்டேன்.

இதுதான் எல்லோரும் செய்கிற முதல் தவறு: வாயைத் திறக்காமல் அவர் வேலையையும் சேர்த்துச் செய்வது. 'சண்டை எதுக்கு, நாமளே முடிச்சிடலாம்' என்று முதல் மாதம் செய்தால் அது உதவி. மூன்றாவது மாதம் அது உங்கள் வேலையாகவே ஆகிவிடும், அப்புறம் ஒருநாள் நீங்கள் லீவு போட்டுப் பில் ஏறாமல் போனால் "ஏம்ப்பா முடிக்கல?" என்று கேள்வி உங்களிடம்தான் வரும்.

இதை நான் இன்னும் மோசமாகச் செய்தேன். அண்ணன் தன் பாஸ்வேர்டையே கொடுத்து "என் ஐடிலயே போட்ரு" என்பார், நானும் போட்டேன். 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகளின் கணக்கு சாஃப்ட்வேரில் எந்தப் பதிவை எப்போது மாற்றினார்கள் என்ற தடம் இருந்தாக வேண்டும் என்பது சட்டம். யார் ஐடியில் பதிவு ஏறியது என்பதும் அதில் தெரியும். ஆக, நான் ராத்திரி உட்கார்ந்து ஏற்றிய பில் அத்தனையும் கணக்குப்படி அவர் செய்த வேலை. நாளைக்கு அதில் ஒரு குளறுபடி வந்து விசாரித்தால், அடுத்தவர் ஐடியில் புகுந்தவன் என்ற பெயரும் எனக்கே வந்திருக்கும். யார் பாஸ்வேர்ட் கொடுத்தாலும் வாங்காதீர்கள், சொந்தத் தம்பியே பக்கத்து சீட்டில் இருந்தாலும் சரி.

ஊர் கூடி இழுக்கிற தேரில் வடத்தைத் தொட்டுக்கொண்டு மட்டும் நடக்கிறவர்கள் உண்டு (சின்ன வயதில் நானும் அந்தக் கூட்டம்தான்). பிரான்ஸில் மாக்ஸ் ரிங்கல்மான் என்ற விவசாயப் பொறியாளர் இதை நிஜமாகவே அளந்து பார்த்திருக்கிறார். ஆட்களைக் கயிறு இழுக்க வைத்து அவர் எடுத்த கணக்கு 1913-இல் வெளியானது. 8 பேர் சேர்ந்து இழுத்தபோது, தனியாக இழுத்தால் ஒருவர் காட்டும் பலத்தில் கிட்டத்தட்ட பாதிதான் தலைக்கு வந்தது. எல்லோரும் ஒரே நொடியில் இழுக்காததும் அதற்கு ஒரு காரணம், ஆனால் அது மட்டும் இல்லை. 1979-இல் அமெரிக்க உளவியலாளர் பிப் லடானேவும் அவருடைய சகாக்களும் மாணவர்களைக் கத்தவும் கைதட்டவும் வைத்துப் பார்த்தார்கள், அங்கேயும் கூட்டத்தில் தலைக்குச் சத்தம் குறைந்தது. எனக்குப் பிடித்தது 1981-இல் அவர்களே செய்த அடுத்த சோதனை: 'உங்கள் ஒவ்வொருவர் சத்தமும் தனித்தனியாக அளக்கப்படுகிறது' என்று சொன்னதும் அந்த மந்தம் போய்விட்டது. யாரும் யாரையும் திட்டவில்லை, அறிவுரை சொல்லவில்லை.

எனக்கு உறைத்தது அந்த இடம்தான். பங்கு தனியாகத் தெரிந்தாலே போதும் என்றால், அண்ணனைத் திருத்துகிற வேலை எனக்கு எதற்கு?

அதற்காக வீம்புக்கு 20-ஆம் தேதி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடக் கூடாது. அது அடுத்த தவறு. கம்பெனி அபராதம் கட்டினால் மாட்டுவது இரண்டு பேரும்தான். சப்ளையர்கள் காட்டிய பில் விவரம் ஜிஎஸ்டி தளம் தரும் ஜிஎஸ்டிஆர்-2பி பட்டியலில் 14-ஆம் தேதி வரும், அதோடு ஒப்பிட நம் பில்கள் அதற்கு முன்பே ஏறியிருக்க வேண்டும். அதனால் நான் 12-ஆம் தேதி என்று ஒரு நாளை வைத்தேன். அன்று பில் பாக்கி நின்றால் கம்பெனிக்கு ஒரு ரூபாய் நஷ்டம் இல்லை, ஆனால் யாருடைய பில் நிற்கிறது என்பது எட்டு நாள் முன்னாலேயே தெரிந்துவிடும்.

முதலில் அண்ணனிடம் நேரில்தான் சொன்னேன், டீக்கடையில், வேறு யாரும் இல்லாதபோது. "அண்ணா, இனிமே பர்ச்சேஸ் பில் எல்லாம் 12-ஆம் தேதிக்குள்ள நீங்களே ஏத்திடுங்க, என்னால இனி போட முடியாதுண்ணா." காரணம் அடுக்கவில்லை. காரணம் சொன்னால் ஒவ்வொன்றுக்கும் அவரிடம் ஒரு பதில் இருக்கும். "என்னப்பா திடீர்னு பெரிய ஆபீசர் மாதிரி பேசுற" என்று சிரித்தார், நானும் சிரித்தேன், அதற்கு மேல் பேச்சில்லை.

இந்த நேர்ப் பேச்சைத் தவிர்க்கத்தான் பலர் சுற்றி வளைக்கிறார்கள். வாட்ஸ்அப் குரூப்பில் 'சில பேருக்கு உழைப்புன்னா அலர்ஜி' என்று ஜாடையாகப் போடுவது, முதல் மெயிலிலேயே மேனேஜரை சிசியில் சேர்ப்பது, டீக்கடையில் மற்ற எல்லோரிடமும் சொல்லி அவரிடம் மட்டும் சொல்லாமல் விடுவது. எதுவும் வேலைக்கு ஆகாது, சொன்னவர் பெயர்தான் கெடும்.

இன்னொன்றைச் சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது. இதற்கு முன் வேலை பார்த்த இடத்தில் டெஸ்பாட்ச் செக்‌ஷனில் ஒரு அக்கா, இன்வாய்ஸ் போட ஆமை வேகம், சாயங்காலம் ஐந்தரை ஆனால் பையை எடுத்துவிடுவார். சோம்பேறி என்று நானே நாலு பேரிடம் சொல்லியிருக்கிறேன். ஒருநாள் அவர் சீட்டருகே நின்று பார்த்தால், எல்லாவற்றையும் முதலில் ஒரு நீள நோட்டில் எழுதி, கூட்டி, சரிபார்த்து, அப்புறம்தான் கம்ப்யூட்டரில் தட்டுகிறார். புது சாஃப்ட்வேர் வந்தபோது அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை, கேட்கக் கூச்சம். அரை மணி நேரம் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தேன், அடுத்த வாரம் நோட்டு டிராயருக்குள் போய்விட்டது. ஐந்தரைக்குக் கிளம்புவதும் சோம்பல் கிடையாது, ஆபீஸ் நேரமே அவ்வளவுதான். ஏழரை வரை சீட்டைத் தேய்ப்பவரை உழைப்பாளி என்று நினைப்பது நம் ஆபீஸ்களின் பழைய வியாதி. அதனால் முத்திரை குத்துவதற்கு முன் ஒரு நாலு நாள் பக்கத்தில் இருந்து பாருங்கள்: தெரியாமல் நிற்கிறாரா, வீட்டில் ஏதாவது கஷ்டமா, இல்லை தெரிந்தே ஓபி அடிக்கிறாரா.

தெரிந்தேதான் என்றால் மேனேஜரிடம் போகலாம், ஆனால் வெறும் புலம்பலோடு போகாதீர்கள். "சார், அவர் ஒண்ணுமே செய்யறதில்ல" என்றால் மேனேஜர் காதில் அது இரண்டு பேருக்குள் சண்டை, "அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்கப்பா" என்று அனுப்பிவிடுவார். நான் எடுத்துப் போனது ஒரே ஷீட்: தேதி, பில் எண், வர வேண்டியது யாரிடமிருந்து, 12-ஆம் தேதி நிலவரம். "சார், பர்ச்சேஸ் என்ட்ரி யார் பொறுப்புன்னு ஒரு மெயில் போட்டுட்டா எனக்கு ஒப்பிட்டுப் பார்க்க வசதியா இருக்கும்" என்று மட்டும் கேட்டேன். அண்ணனைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்றாம் நாள் மெயில் வந்தது.

ஓபி அடிப்பவர் முதலாளியின் மச்சான் என்றால் இதெல்லாம் செல்லாது. உங்கள் பங்கைத் தனியாக எழுதி வைத்துக்கொண்டு, பயோடேட்டாவையும் புதுப்பித்து வையுங்கள்.

போன மாதம் 12-ஆம் தேதி சாயங்காலம் ஷீட்டில் அண்ணன் பெயருக்கு நேரே ஒன்பது பில் நின்றது. மறுநாள் காலை நான் உள்ளே நுழையும்போது அவர் எனக்கு முன்பே வந்து, பிரவுன் கவரைத் தன் டேபிளில் கவிழ்த்து வைத்துத் தட்டிக்கொண்டிருந்தார். போன் அடித்தது. எடுத்து, "அப்புறம் கூப்பிடு" என்று வைத்துவிட்டார்.