"எழுதிடாதீங்க தம்பி": வெள்ளத் தடுப்பில் உள்ளாட்சிப் பொறியாளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம், புதிதாக வேலையில் சேர்ந்த உதவிப் பொறியாளர்கள் சிலரோடு ஒரு ஊரில் வடிகால் பார்க்கப் போனேன். ஓய்வு பெற்ற பிறகும் யாராவது கூப்பிட்டால் போய்விடுவேன். ஓடையின் குறுக்கே புதைத்திருந்த குழாயைக் குனிந்து பார்த்த ஒரு பையன், "இது பத்தாது சார்" என்றான். சரியாகத்தான் சொன்னான். பக்கத்தில் நின்ற மூத்தவர் உடனே, "பார்த்ததோட வெச்சுக்கோங்க தம்பி, எழுதிடாதீங்க" என்றார். இருபத்தைந்து வருடங்களுக்கு முன்னால் நான் ஒருவரிடம் சொன்ன அதே வார்த்தை. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மழைக்கு முன் தூர்வார வேண்டும், அள்ளிய சேற்றைக் கரையிலேயே போடக்கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

தெரிந்ததை எழுதாமல் விடுவது

அப்போது நான் ஒரு சிறிய நகராட்சியில் பொறியாளராக இருந்தேன். ஏரி நிரம்பினால் உபரி நீர் வழியும் கலங்கலிலிருந்து ஆற்றுக்குப் போகும் ஓடை ஒன்று ஊருக்கு நடுவே வரும். அதன் இரு கரையிலும் மனை போட்டவர்கள், பாதைக்காக ஓடையில் 900 மி.மீ. குழாய் இரண்டைப் போட்டு மேலே மண் கொட்டிவிட்டார்கள். எங்கள் ஓவர்சியர் டேப் பிடித்து அளந்து வந்து, தன் கையெழுத்தில் குறிப்பு வைத்தார்: ஓடை 4 மீட்டர் அகலம், 1.5 மீட்டர் ஆழம். அதாவது தண்ணீர் போக 6 சதுர மீட்டர் இடம் இருந்தது. இரண்டு குழாயும் சேர்ந்து தருவது 1.27 சதுர மீட்டர். கலங்கல் போனால் கீழ்த்தெரு மூழ்கும் என்று கடைசி வரியில் எழுதியிருந்தார்.

நான் அவரைக் கூப்பிட்டு, "இதை வெச்சா நாளைக்கு நம்ம தலையிலதான் விடியும், பக்கத்தை மாத்திடுங்க" என்றேன். அவர் ஒன்றும் பேசாமல் மாற்றிக் கொடுத்தார்.

மூன்றாவது வருடம் ஐப்பசியில் கலங்கல் போனது. கீழ்த்தெருவில் இடுப்பளவு தண்ணீர். மறுநாள் காலையில் போனபோது, ஒரு தையல்காரர் வாசலில் உட்கார்ந்து, தீபாவளிக்குத் தைக்க வந்த துணிகளை ஒவ்வொன்றாகப் பிழிந்துகொண்டிருந்தார். ஒவ்வொரு துணியிலும் அளவுச்சீட்டு குத்தியிருந்தது. மை கரைந்து, எது யாருடையது என்று அவருக்கே தெரியவில்லை.

அப்புறம் ரிட் மனு வந்தது. எங்கள் பதிலான எதிர்வாதுரையில், அந்தக் குழாயால் ஆபத்து இருப்பது எங்கள் கவனத்துக்கு வரவில்லை என்று சொல்லியிருந்தோம். கோப்பிலும் அப்படித்தான் இருந்தது. ஆனால் மனுதாரர் தரப்பு ஒரு தாளைக் கொடுத்தது. தெருக்காரர்கள் இரண்டு வருடங்களுக்கு முன்பே கொடுத்த புகார் மனுவின் நகல். அதன் ஓரத்தில் எங்கள் அலுவலக வட்ட முத்திரை, தேதி, தபால் எண். வரும் தபால்களைப் பதியும் தன்பதிவேட்டைப் பார்த்தால் அந்த எண் எங்களிடமும் இருந்தது. மேல் நடவடிக்கை என்ற பத்தி காலியாக இருந்தது. ஓவர்சியரின் முதல் குறிப்பு கோப்பில் இருந்திருந்தால், எங்கள் ஆள் அளந்தார், இவ்வளவு தேவை என்று சொன்னார், நிதி கேட்டோம் என்று காட்டியிருக்கலாம். காட்ட எங்களிடம் ஒன்றுமே இல்லை. நகராட்சி தன் செலவில் பெட்டி வடிவச் சிறுபாலம் கட்ட வேண்டும், பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடும் தர வேண்டும் என்று உத்தரவு வந்தது. அந்தத் தாளைக் கிழிக்கச் சொன்னவன் நான். இன்று வேறு ஒருவர் அதையே ஒரு இளைஞனுக்குச் சொல்லிக் கொடுப்பதைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது.

எழுதாதே என்பவர்கள் சட்டமும் பேசுவார்கள். ராஜ்கோட்டில் சாலையோர மரம் விழுந்து ஒருவர் இறந்த வழக்கில், மாநகராட்சி பொறுப்பல்ல என்று உச்ச நீதிமன்றம் 1997ல் தீர்ப்பளித்தது. மரம் விழும் நிலையில் இருந்தது மாநகராட்சிக்குத் தெரியும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்பது அதற்கு ஒரு முக்கியக் காரணம். இதைப் படித்துவிட்டு, தெரிந்தால்தானே பொறுப்பு, தெரியாத மாதிரி இருந்துவிடலாம் என்று நினைக்கிறார்கள். இதே நீதிமன்றம் 1966ல் டெல்லி சாந்தினி சௌக் மணிக்கூண்டு இடிந்து விழுந்து ஆட்கள் இறந்த வழக்கில் என்ன சொன்னது என்பதையும் படிக்க வேண்டும். அந்தக் கட்டடம் 80 வருடம் பழையது. அதன் கலவைக்கு 40, 45 வருடம்தான் ஆயுள். வெளியில் தெரியாத குறை என்ற வாதம் எடுபடவில்லை. தகுந்த ஆளை வைத்துச் சோதித்திருக்க வேண்டியது உன் கடமை என்று மாநகராட்சி மேல்தான் பொறுப்பு விழுந்தது.

வெள்ளம் மரத்துக்குள் இருக்கும் பூச்சி மாதிரி ஒளிந்திருப்பதில்லை. போன முறை எந்தத் தெருவில் தண்ணீர் நின்றது என்று டீக்கடையில் கேட்டாலே சொல்வார்கள். அதை நகராட்சிப் பொறியாளர் அறியவில்லை என்றால் எந்த நீதிபதி நம்புவார்?

பேரிடர் மேலாண்மைச் சட்டம், 2005ஐயும் எடுத்துப் பாருங்கள். பிரிவு 41, உள்ளாட்சி அமைப்பு தன் எல்லைக்குள் நடக்கும் கட்டுமானங்கள் பேரிடர் தடுப்புத் தரங்களுக்கு உட்பட்டிருப்பதை உறுதி செய்ய வேண்டும் என்கிறது. பிரிவு 73, நல்லெண்ணத்தோடு செய்த செயலுக்குப் பாதுகாப்பு தருகிறது. அந்த நல்லெண்ணத்தை எதை வைத்துக் காட்டுவீர்கள்? தேதி போட்ட குறிப்பைத் தவிர உங்கள் கையில் வேறென்ன இருக்கும்?

குறிப்பு நீளமாக இருக்க வேண்டியதில்லை. எந்த இடம், என்ன அளவு, என்ன போதவில்லை, என்ன கட்ட வேண்டும், மதிப்பீடு எவ்வளவு. இந்த மழைக்கு முன் கட்ட முடியாது என்றால் அதுவரை என்ன செய்யப் போகிறோம் என்பதையும் சேருங்கள்: குழாய் வாயில் குப்பை அடைக்காமல் பார்க்க இரவு ஆள், தாழ்வான தெருவுக்கு முன்னறிவிப்பு, எந்தப் பள்ளியைத் திறந்து வைப்பது. நகர்மன்றத்தில் வையுங்கள். மன்றம் தள்ளி வைத்தால், தள்ளி வைத்தது என்று தீர்மானப் புத்தகத்தில் ஏறட்டும். மேலதிகாரி வாய்மொழியாகத் தடுத்தால், "தங்கள் வாய்மொழி உத்தரவின்படி" என்று பணிவாக ஒரு வரி எழுதி அவர் பார்வைக்கே அனுப்புங்கள். பெரும்பாலும் அந்த உத்தரவு அதோடு காணாமல் போய்விடும்.

"நிதி இல்லை" என்று பதில் எழுதுவது

எழுதாதீர்கள். மத்தியப் பிரதேசத்தின் ரத்லாம் நகராட்சி இதைத்தான் சொன்னது. சாக்கடை ஓடும் தெருவில் குடியிருந்தவர்கள் வழக்குப் போட்டார்கள். 1980ல் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் அமர்வு, பணமில்லை என்பது கடமையிலிருந்து தப்பிக்கும் வழியாகாது என்று தீர்த்துவிட்டது. பொதுத் தொல்லையை நீக்கச் சொல்லும், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133வது பிரிவில் வந்த உத்தரவு அது. அந்தப் பிரிவு இப்போது, அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 152. நிதி கேட்டு யாருக்கு, எந்தத் தேதியில் எழுதினோம் என்பதைப் பதிலில் சொல்லுங்கள்.

"வரலாறு காணாத மழை"

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் பெய்தது. அப்படிப்பட்ட மழையைத் தாங்க எந்த வடிகாலையும் கட்டியிருக்க முடியாது, உண்மை. ஆனால் நம் ஆட்கள் 12 செ.மீ. மழைக்கும் இதே வாக்கியத்தை எதிர்வாதுரையில் போடுகிறார்கள். குஜராத்தில் அணைத் தண்ணீர் திறந்துவிடப்பட்டு விவசாயிகளின் தோட்டம் அழிந்த வழக்கில், இயற்கையின் செயல் என்ற அரசின் வாதத்தை உச்ச நீதிமன்றம் 2016ல் ஏற்கவில்லை. வழக்கத்துக்கு மீறிய மழை என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். மழைமானி அளவும், பழைய ஆண்டுகளின் அளவும் இல்லாமல் அந்தச் சொல்லைத் தொடாதீர்கள்.

சென்னையின் 2015 வெள்ளத்தை, மனிதர்களால் ஏற்பட்ட பேரிடர் என்றுதான் கணக்குத் தணிக்கைத் துறையின் அறிக்கை குறித்தது.

பட்டாவை மட்டும் பார்த்துத் தடையில்லாச் சான்று தருவது

கம்ப்யூட்டர் சிட்டாவில் ஓடை தெரியாது. புல வரைபடத்தில் தெரியும். பழைய கிராம வரைபடத்தில் இன்னும் நன்றாகத் தெரியும். ஒவ்வொரு புலமும் என்ன வகை நிலம் என்று சொல்லும் அ-பதிவேட்டில் புறம்போக்கு என்று இல்லாவிட்டாலும், பக்கத்துப் புலங்களில் ஓடை எங்கே வந்து முடிகிறது, எங்கே மறுபடி தொடங்குகிறது என்று பாருங்கள். நடுவில் காணாமல் போன துண்டுதான் நீங்கள் அனுமதி தரப்போகும் மனை. கிராமத்துத் தலையாரியைக் கூட்டிக்கொண்டு நடந்தால் அரை மணி நேரத்தில் காட்டிவிடுவார்.

மே மாதத்தில் கள ஆய்வு

காய்ந்த ஓடையை மட்டும் பார்த்துவிட்டு வராமல், மழை பெய்யும்போது ஒரு முறையாவது போங்கள்.

"அது எங்கள் எல்லையில் வராது"

ஏரி நீர்வளத் துறைக்கு, சாலை நெடுஞ்சாலைத் துறைக்கு, மூழ்கும் வீடு நமக்கு. கூட்டு ஆய்வு கேட்டுக் கடிதம் போடுங்கள். வராவிட்டால் நினைவூட்டு போடுங்கள். மூன்று நினைவூட்டுகள் கோப்பில் இருந்தால், நீதிமன்றம் கேள்வி கேட்கும் ஆள் மாறுவார். நான் பார்த்திருக்கிறேன்.

தூர்வாரிய பிறகு படம் எடுக்காமல் விடுவது

முன்னும் பின்னும், ஒரே இடத்தில் நின்று, தேதியோடு எடுங்கள். கரையில் அளவுகோலை நட்டு எடுத்தால் ஆழமும் தெரியும்.