ஸ்காட்லாந்து ஊரைத் தேடுவதென்றால் முதலில் பாரிஷைப் பிடியுங்கள்

இலங்கை மலையகத்துக்காரர்கள் பலருக்கு இந்த ஆசை ஒருமுறையாவது வந்திருக்கும். மஸ்கெலியாப் பக்கம் ஸ்ட்ராத்ஸ்பே, அக்கரப்பத்தனையில் பால்மோரல், லிந்துலையில் டிலிகூல்ட்ரி என்று தோட்டங்களுக்குப் பெயர் வைத்துவிட்டுப் போனார்களே ஸ்காட்லாந்துத் துரைமார், அதெல்லாம் அங்கே எங்கேதான் இருக்கிறது? கூகுள் மேப்பில் பெயரைத் தட்டினால் ஏதோ ஒரு புள்ளியைக் காட்டும், அதோடு நின்றுவிடாதீர்கள். ஸ்ட்ராத்ஸ்பே ஊரே இல்லை, ஸ்பே ஆற்றுப் பள்ளத்தாக்கு. பால்மோரல் டீ (Dee) என்ற ஆற்றின் கரையில் இருக்கும் அரச குடும்பத்து எஸ்டேட். டிலிகூல்ட்ரி மட்டும்தான் ஊர், அதே பெயரில் ஒரு பாரிஷும் உண்டு.

அதனால் ஊர்ப் பெயர் கிடைத்ததும் முதலில் கேட்க வேண்டியது, அது எந்த பாரிஷில் இருந்தது என்பதுதான். நம் ஊர் கத்தோலிக்கக் கோயில் பங்கு போலத் தொடங்கிய ஏற்பாடு இது. ஒரு கோயில், அதற்கென்று ஓர் எல்லை. காலப்போக்கில் ஏழைகளுக்கான உதவி, பள்ளிக்கூடம், சென்சஸ் எல்லாம் அந்த எல்லையை வைத்தே நடந்தன. 1930இல் உள்ளாட்சியில் பாரிஷுக்கு இருந்த வேலை போய்விட்டது, ஆனால் அதற்கு முந்தைய பிறப்பு, திருமணம், சென்சஸ் என்று எதைத் தேடினாலும் பெரும்பாலும் பாரிஷ் பெயரில்தான் அடுக்கி வைத்திருப்பார்கள்.

ஓர் ஆளை வைத்தே செய்து பார்க்கலாம். இலங்கையில் 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் தேயிலை போட்ட ஜேம்ஸ் டெய்லர் 1835இல் பிறந்தது ஆக்கின்பிளே என்ற கிராமத்துக்குப் பக்கத்தில். பாரிஷ் ஃபோர்டன். சரி என்று வரைபடத்தில் ஃபோர்டனைத் தேடினால் தென்கிழக்கே சில மைல் தள்ளி, பழைய ரயில் நிலையத்தைச் சுற்றி வளர்ந்த வேறொரு ஊரில் கொண்டுபோய் விடும். ஃபோர்டன் பாரிஷின் கோயில் ஃபோர்டனில் இல்லை, ஆக்கின்பிளேயில் இருக்கிறது! பாரிஷுக்கும் ஊருக்கும் ஒரே பெயர் இருந்தால் இரண்டும் ஒரே இடம் என்று எடுத்துக்கொள்ளவே கூடாது. கோயில் எங்கே என்று பாருங்கள், பழைய ஊர் அதைச் சுற்றித்தான் இருந்திருக்கும்.

இதற்கு ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் வரைபடத் தளம் போதும், இலவசம்தான். அதில் ஆர்ட்னன்ஸ் சர்வே என்ற பிரிட்டிஷ் அரசு வரைபட அமைப்பின் ஆறு அங்குல வரைபடத்தின் முதல் பதிப்பை எடுங்கள். ஒரு மைலை ஆறு அங்குலமாக வரைந்தது, 1843க்கும் 1882க்கும் இடையில் நாடு முழுவதும் அளந்தது. பழைய படத்தை இன்றைய செயற்கைக்கோள் படத்தின் மேல் விரித்து, ஒரு பட்டையை இழுத்தால் பழையது மெல்ல மறைந்து புதியது தெரியும் வசதியும் உண்டு, பாதி ராத்திரி அதிலேயே போய்விடும். பாரிஷ் எல்லை புள்ளிக்கோடாக ஓடும். பாரிஷ் பெயரைத்தான் பலர் தவறவிடுகிறார்கள், ஏனென்றால் பெரிய எழுத்துகளை மைல் கணக்கில் தள்ளித் தள்ளிப் போட்டிருப்பார்கள், நெருங்கிப் பார்த்தால் வயலுக்கு நடுவே ஓர் எழுத்து தனியாக நிற்கும். படத்தைச் சுருக்கினால்தான் பெயராகச் சேரும். எல்லைக்கோட்டை ஒட்டி சி.எஸ். என்று பொடியாக இருந்தால் எல்லை ஓடையின் நடுக்கோட்டில் போகிறது என்று அர்த்தம்.

அடுத்தது கவுண்டி, நம் மாவட்டம் போன்றது. இதில் ஆண்டு முக்கியம். 1891 வாக்கில் எல்லைகளை ஒழுங்குபடுத்தினார்கள், பெர்த்ஷயரிலிருந்து துண்டாகக் கிடந்த கல்ராஸ் பாரிஷ் ஃபைஃபுக்குப் போனது அப்போதுதான். 1975இல் கவுண்டி நிர்வாகமே எடுபட்டது, 1996இலிருந்து 32 கவுன்சில் பகுதிகள். ஆக்கின்பிளே அன்று கின்கார்டின்ஷயர், இன்று அபர்டீன்ஷயர் கவுன்சில். கின்கார்டின் என்ற பெயரை மட்டும் வைத்துக்கொண்டு தேடினால் தொலைந்தோம்: ஃபோர்த் ஆற்றோரம் ஒன்று, டீ ஆற்றோரம் கின்கார்டின் ஓ'நீல், ராஸ் பக்கம் ஒரு பாரிஷ், பெர்த்ஷயரில் இன்னொரு பாரிஷ். கவுண்டிக்குப் பெயர் கொடுத்த பழைய கின்கார்டின் ஊரோ அழிந்தே போய்விட்டது.

அப்புறம் ஆறு. என்னைக் கேட்டால் கவுண்டியை விட ஆறுதான் நம்பகமான அடையாளம், எந்தச் சட்டத்தாலும் அதை வேறு மாவட்டத்துக்கு மாற்ற முடியாது. ஊர் வழியே ஓடும் தண்ணீர் எதில் சேருகிறது, அது எந்தக் கடலுக்குப் போகிறது என்று விரலால் வரைபடத்தில் பின்தொடருங்கள். ஆக்கின்பிளேயில் ஓடுவது லூதர் வாட்டர், அது நார்த் எஸ்கில் சேர்ந்து மாண்ட்ரோஸுக்கு வடக்கே கடலுக்குப் போகிறது. சின்ன ஓடை என்றால் பெரும்பாலும் பர்ன், நடுத்தரமானது வாட்டர், பெரியது ரிவர், கறாரான விதி இல்லை. பெயர் இங்கேயும் ஏமாற்றும், நார்த் எஸ்க், சவுத் எஸ்க் என்ற ஜோடி ஆங்கஸில் ஒன்று, எடின்பரோவுக்குத் தெற்கே மிட்லோதியனில் இன்னொன்று. வலது கரை, இடது கரை என்று எழுதியிருந்தால் ஆறு ஓடும் திசையைப் பார்த்து நின்றுகொண்டு சொல்வது.

ஆற்றைப் பார்க்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு தெற்கு மலைகளில் இருக்கும் லெட்ஹில்ஸும் வான்லாக்ஹெட்டும் போதும். இரண்டும் ஈயச் சுரங்கக் கிராமங்கள், நடுவில் ஒன்றரை மைல்கூட வராது. ஆனால் லெட்ஹில்ஸின் தண்ணீர் கிளென்கானர் வழியாக கிளைடில் சேருகிறது, பாரிஷ் கிராஃபர்ட், கவுண்டி லனார்க்ஷயர். வான்லாக்ஹெட் நீர்பிரி மேட்டுக்கு அந்தப் பக்கம், தண்ணீர் நித் ஆற்றுக்கு, பாரிஷ் சாங்கர், கவுண்டி டம்ஃப்ரீஸ்ஷயர். பக்கத்து ஊர்தானே என்று ஒன்றின் பதிவேட்டில் மற்றதைத் தேடினால் எதுவும் கிடைக்காது.

பண்ணைப் பெயர்களில் மெயின்ஸ் என்று வந்தால் எஸ்டேட்காரரின் சொந்தப் பண்ணை, கர்க்டன் என்றால் கோயிலடிக் குடியிருப்பு, மில்டன் என்றால் ஆலை இருந்த இடம். இவ்வளவு போதும்.

பாரிஷ் தெரிந்துவிட்டால் ஒரு விருந்து காத்திருக்கிறது. சர் ஜான் சின்க்ளேர் என்பவர் நாட்டிலுள்ள பாரிஷ் போதகர்களுக்கெல்லாம் 160க்கும் மேற்பட்ட கேள்விகளை அனுப்பி, வந்த பதில்களை ஸ்டாட்டிஸ்டிக்கல் அக்கவுண்ட் ஆஃப் ஸ்காட்லாந்து என்ற பெயரில் 1791 முதல் 1799 வரை 21 தொகுதிகளாகப் போட்டார். மண் எப்படி, மீன் உண்டா, கூலி எவ்வளவு, எத்தனை பேர் என்று எல்லாம் இருக்கும். சிலர் கடமைக்கு நாலு பக்கம், சிலர் மூச்சுவிடாமல் முப்பது. இரண்டாம் சுற்று 1834 முதல் 1845 வரை. இணையத்தில் படிக்கலாம், ஊர்ப் பெயரை அல்ல, பாரிஷ் பெயரைத் தட்டுங்கள். இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால் நடுவில் எந்த ஓடையை வெட்டித் திருப்பினார்கள், எந்தக் குடியிருப்பு காலியானது என்பது தெரியும்.

நேரிலேயே போகிறவர்களுக்கு: 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி பெரும்பாலான நிலங்களில் பொறுப்போடு நடந்து போக உரிமை உண்டு, வீட்டு முற்றத்திலும் பயிர் நிற்கும் வயலிலும் இறங்காதீர்கள். மேற்குப் பக்கம் கோடையில் மிட்ஜ் என்ற பொடிக்கொசு பிய்த்தெடுக்கும். பழைய வரைபடத்தில் ஆற்றை நடந்தே கடக்கும் இடம் காட்டியிருக்கிறதே என்று இறங்கிவிட வேண்டாம், செபா என்ற சுற்றுச்சூழல் அமைப்பு ஆறுகளின் நீர்மட்டத்தை இணையத்தில் போடுகிறது, அன்று காலையில் அதைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.