துணிக் குவியலைத் தைத்துத் தீர்க்கும் முறை

ஒட்டுப்போர்வை தைக்கும் பழக்கமுள்ள வீடுகளில் துணி சேர்வதற்கென்று யாரும் தனியாக முயல வேண்டியதில்லை. ஜூன் மாதத்தில் சீருடை தைத்ததில் மிஞ்சியது, ஆடித் தள்ளுபடியில் மலிவாகக் கிடைத்ததென்று வாங்கிய கட்பீஸ், ஓணத்துக்கும் கிறிஸ்துமசுக்கும் எடுத்ததில் ஒதுங்கிய அரை மீட்டர், நம் கன்னியாகுமரி மாவட்டத்து வடசேரியிலிருந்தோ இரணியலிலிருந்தோ ஆசைப்பட்டு வாங்கி வந்த கைத்தறி என்று ஓரிரு ஆண்டுகளிலேயே அலமாரி நிறைந்து, பிறகு கட்டிலுக்கு அடியிலும் இடம் பிடித்துவிடுகிறது. இந்தக் குவியல் குறையாமலிருப்பதற்கு நேரமின்மையைக் காரணமாகச் சொல்வது வழக்கம். என்னைக் கேட்டால், துணியை முழுத்துணியாகவே மடித்து வைத்திருப்பதுதான் காரணம். மடித்து வைத்த ஒரு மீட்டர் துணியைக் கையில் எடுத்தால், இது வேறெதற்காவது ஆகும் என்று திரும்ப வைக்கத்தான் மனம் சொல்லும். அதையே 5 அங்குலச் சதுரங்களாக வெட்டி வைத்திருந்தால் தைப்பதைத் தவிர வேறு யோசனை வராது.

இந்த வேலையைத் தொடங்க ஏற்ற காலம் கும்பப்பூ நெல் அறுவடை முடிந்த மாசி, பங்குனி மாதங்கள். நம் மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. இடவப்பாதியில் (வைகாசி நடுவில்) தொடங்கும் ஈரம் கார்த்திகை வரை விட்டு விட்டுத் தொடர்வதால், மழைக்காலத்தில் பிரித்துப் போட்ட துணி அந்த ஈரத்தையும் சேர்த்துக்கொண்டுதான் அலமாரிக்குத் திரும்பும். எல்லாத் துணியையும் ஒரே நாளில் வெளியே எடுத்து, உதறி, முன்காலை வெயிலில் பரப்புங்கள். உச்சிவெயிலில் வெகுநேரம் கிடந்தால் சாயம் வெளுக்கும். மேற்குப் பகுதிகளில் ரப்பர் ஷீட் காயப்போடும் கொடியையோ, ஷீட் தொங்கும் அடுக்களையையோ இதற்குப் பயன்படுத்தவே கூடாது. அந்த நாற்றம் பல முறை துவைத்தாலும் போகாது. கடற்கரை ஊர்களில், உப்புக்காற்று பட்ட துணியை அப்படியே மடித்து வைத்தால் உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் என்பதால், நல்ல தண்ணீரில் ஒருமுறை அலசிக் காயவைத்த பிறகே உள்ளே வைக்க வேண்டும்.

முதலில் நூலின் தன்மையைக் கொண்டு பிரிக்க வேண்டும். பருத்தியா, பாலியஸ்டரா என்று சந்தேகமுள்ள துணியின் ஓரத்திலிருந்து சில இழைகளை உருவி, இடுக்கியில் பிடித்து, எரியும் மெழுகுவத்தியில் காட்டுங்கள். பருத்தி காகிதம் போல எரிந்து மெல்லிய சாம்பலாகும், பாலியஸ்டர் உருகிச் சுருண்டு கெட்டியான மணியாக நிற்கும், பட்டு முடி கருகும் வாடையைத் தரும். பருத்தியும் பாலியஸ்டரும் கலந்த துணி எரியவும் செய்யும், உருகவும் செய்யும். அதைப் பாலியஸ்டரோடு சேர்த்துவிடலாம். பருத்தியையும் பாலியஸ்டரையும் ஒரே விரிப்பில் கலந்து தைத்தால், துவைத்த பிறகு ஒன்று சுருங்கி மற்றது சுருங்காமல் மேற்பரப்பு மேடும் பள்ளமுமாகும். பருத்தியைத் தனியே ஒதுக்கி, அதை மட்டும் எடை போடுங்கள். ஒரு பெரிய விரிப்புக்கு மேல்துணியும் அடித்துணியும் சேர்த்து ஏறத்தாழ ஒரு கிலோ பாப்ளின் பருத்தித் துணி செலவாகும் என்று வைத்துக்கொண்டால், கையிருப்பு எத்தனை விரிப்புக்கு வரும் என்பது எடையைப் பார்த்த உடனே விளங்கிவிடும். இருபது கிலோ என்றால் இருபது விரிப்பு; அதைத் தைத்து முடிக்கும் வரை கடைப்பக்கம் போகலாமா என்பதை அவரவரே முடிவு செய்துகொள்ளலாம்.

வெட்டுவதற்கு முன் துவைத்துவிட வேண்டும். புதுத் துணியில் கஞ்சி இருந்தால் இராமபாணப் பூச்சி அதைத் தேடி வரும். சிவப்பு, கருநீலம், கறுப்பு ஆகியவற்றைத் தனித்தனியே நனைத்து, வெள்ளைத் துவர்த்தின் (துண்டின்) ஓரத்தை அவற்றின் மேல் அழுத்திப் பார்த்தால் சாயம் போகிறதா என்று தெரியும். உப்புத் தண்ணீரில் போட்டால் சாயம் நின்றுவிடும் என்பதை நம்பி, சிவப்புத் துணியை வெள்ளை முண்டுத் துண்டின் பக்கத்தில் வைத்துத் தைக்க வேண்டாம். மூன்று அலசலுக்குப் பிறகும் சாயம் விடும் துணியைப் பைக்கோ தலையணை உறைக்கோ தனியாகப் பயன்படுத்துவதே நல்லது.

இனி வெட்டும் முறை. அரை மீட்டருக்கு மேற்பட்ட துணிகளில் எவை அடித்துணிக்கு என்று முதலிலேயே ஒதுக்கிவிட்டு, மீதியை இரண்டே அளவுகளில் வெட்டுங்கள்: 5 அங்குலச் சதுரம், இரண்டரை அங்குல அகலமுள்ள பட்டை. அளவுகள் கூடக் கூட, ஒன்றோடொன்று பொருந்தாத துண்டுகளும் கூடும். துணியைத் தேய்த்து, நாலு அடுக்குக்கு மேல் போகாமல் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, நெய்த கரையை நீக்கிவிட்டு, இழையின் நேருக்கு அட்டை வைத்துக் கோடு கிழித்து வெட்ட வேண்டும். அடுக்கு கூடினால் கத்தரி சாய்ந்து, அடியிலுள்ள துண்டு மேலுள்ளதைவிடச் சற்றுப் பெரிதாக வரும். ஒரு சதுரத்தில் தெரியாத அந்த வித்தியாசம் இருபது சதுரம் சேர்ந்த வரிசையில் ஒரு அங்குலமாகிவிடும். அட்டைக்குப் பதிலாகக் கண்ணாடிக் கடையில் 5 அங்குலத்துக்கு ஒரு கண்ணாடித் துண்டு வெட்டி, ஓரத்தை உரசித் தரச் சொன்னால் அது தேயாது, துணியிலுள்ள பூவும் அதன் வழியே தெரியும்.

ஓரத்தில் கால் அங்குலம் விட்டுத் தைத்தால் 5 அங்குலச் சதுரம் நாலரை அங்குலமாகக் குறையும். குறுக்கே 13, நெடுக்கே 20 என்று 260 சதுரங்களை இணைத்தால் ஐம்பத்தெட்டரை அங்குல அகலமும் 90 அங்குல நீளமும் கொண்ட விரிப்பு கிடைக்கும். 44 அங்குல அகலத் துணியில் ஒரு மீட்டருக்கு 56 சதுரம் வரும். ஆகவே மேல்துணிக்கு 5 மீட்டருக்குச் சற்றுக் குறைவாகவே தேவைப்படும். வண்ணப் பொருத்தத்தைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். சதுரங்களை வெளிர், அடர் என்று இரண்டு கட்டாக்கி மாற்றி மாற்றி வைத்தாலே விரிப்புக்கு ஓர் ஒழுங்கு வந்துவிடும். எது எந்தக் கட்டுக்குப் போகும் என்று தெரியாதபோது கைபேசியில் கறுப்பு வெள்ளைப் படமாக எடுத்துப் பார்த்தால் விடை கிடைக்கும்.

குவியல் உண்மையில் குறைவது அடித்துணியில்தான். மேலே தெரியும் பக்கத்துக்காகச் சேர்த்த துணியை வைத்துக்கொண்டு, அடியில் போடுவதற்கு மட்டும் புதிதாக 5 மீட்டர் வாங்குவது பலரிடம் காணும் பழக்கம். அப்படிச் செய்தால் பத்து விரிப்பு தைத்தாலும் அலமாரி பாதிதான் காலியாகும். மேலே சொன்ன விரிப்புக்கு அடித்துணி நாலு பக்கமும் இரண்டரை அங்குலம் கூடுதலாக, அதாவது 64க்கு 95 அங்குலம் இருந்தால் போதும். அரை மீட்டர்த் துண்டுகள் எட்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்தை முழு அகலத்தோடு ஒன்றன்கீழ் ஒன்றாக இணைத்தால் ஒரு நெடும்பத்தி கிடைக்கும். மற்ற மூன்றை அகலவாக்கில் பாதியாக வெட்டி, கிடைக்கும் ஆறில் ஐந்தை அதேபோல் இணைத்தால் அதில் பாதி அகலமுள்ள இன்னொரு பத்தி வரும். இரண்டையும் பக்கவாட்டில் சேர்த்தால் அளவு சரியாக இருக்கும். இப்போது பிடிக்காமல்போன, ஏன் வாங்கினோம் என்று நினைக்கும் பூத்துணிகளையெல்லாம் தயங்காமல் இங்கே போடுங்கள். பழைய பருத்திச் சேலையும் அடித்துணிக்கு நன்றாக அமையும். ஐந்தரை மீட்டர்ச் சேலையில் முந்தானையையும் நைந்த பகுதியையும் நீக்கிவிட்டு, எஞ்சியதைக் குறுக்கே பாதியாக வெட்டிப் பக்கவாட்டில் இணைத்தால் அகலம் தேவைக்கு மேலேயே கிடைக்கும்; ஒவ்வொரு பாதியும் 95 அங்குல நீளம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். வங்காளத்தில் காந்தா என்னும் விரிப்பைப் பழைய சேலைகளையும் வேட்டிகளையும் அடுக்கி, நேர் ஓட்டத் தையல் போட்டே தைத்து வந்திருக்கிறார்கள்.

நடுவில் தடித்த பாலியஸ்டர் பஞ்சு விரிப்பு நம் ஊருக்குத் தேவையில்லை. பேச்சிப்பாறைப் பக்கத்து மார்கழிக் குளிருக்குக்கூட நைந்த இரட்டை முண்டு ஒன்றை நடுவில் வைத்தால் போதும். அப்படித் தைத்த விரிப்பு கையால் துவைக்க எளிது, மழைக்காலத்திலும் விரைவில் காய்ந்துவிடும். ஓரப்பட்டைக்கு மட்டும் பழைய துணி ஆகாது. விரிப்பில் முதலில் கிழிவது ஓரம்தான். இரண்டரை அங்குல அகலத்தில் 7 பட்டைகளைப் புதுத்துணியில் வெட்டி, நீளவாக்கில் மடித்துத் தைத்தால் சுற்றி வருவதற்குச் சரியாகப் போதும்.

பட்டைக்கும் சதுரத்துக்கும் ஆகாத ஒழுங்கற்ற துண்டுகளுக்குக் காகித முறை உண்டு. பிள்ளைகளின் பழைய நோட்டிலிருந்து தாளைக் கிழித்து 8 அங்குலச் சதுரமாக வெட்டி, அதன்மேல் ஒரு துண்டை மூலைக்கு மூலை வைத்து, அடுத்த துண்டை நல்ல பக்கம் உள்ளே இருக்கும்படி அதன் ஓரத்தோடு சேர்த்துத் தாளோடு தைத்து, திருப்பித் தேய்த்து, தாள் மறையும் வரை இப்படியே இரு பக்கமும் சேர்த்துக்கொண்டு போக வேண்டும். பிறகு தாளின் ஓரத்துக்கு வெட்டிவிட்டு, சதுரங்களை ஒன்றோடொன்று இணைத்த பின் தாளைக் கிழித்து எடுத்துவிடலாம். இயந்திரத்தில் தையலைச் சிறிதாக வைத்தால் தாள் எளிதில் கிழியும். செய்தித்தாளின் மை துணியில் ஒட்டும் என்பதால் அது வேண்டாம்.

வெட்டியவற்றை வைக்க மூடி இறுகும் பிளாஸ்டிக் பெட்டியைவிடக் காற்றுப் போகும் பனையோலைப் பெட்டியோ கடவமோ மேல். பிளாஸ்டிக்கில் அடைபட்ட ஈரம் வெளியேற வழியில்லாமல் கரும்பன் பிடிக்கும். மர அலமாரியானால் தட்டில் பழைய வேட்டியை விரித்து, சுவரை ஒட்டாமல் வையுங்கள். ரப்பர் வளையம் போட்டுக் கட்டினால் கறை விழும். துணிக்கரையையே நாடாவாகக் கிழித்துக் கட்டலாம். குழந்தைகளுக்கான துணியில் பாச்சை உருண்டை போடக்கூடாது. நன்றாக உலர்ந்த வேப்பிலையையோ வசம்புத் துண்டையோ சிறு பையில் கட்டி வைத்து, மழை விட்ட நாட்களில் பெட்டியைத் திறந்து காற்றாட விட்டால் போதும்.

ஒதுக்கி வைத்த பாலியஸ்டர்த் துணி கடைப் பைக்கும் தையல் இயந்திரத்தின் உறைக்கும் ஆகும். தைக்கப்போவதில்லை என்று தெரிந்ததைப் பக்கத்துத் தையற்கடைக்கோ தையல் பழகும் பிள்ளைகளுக்கோ கொடுத்துவிடலாம். வெட்டியதில் உதிர்ந்த விரலளவுத் துணுக்குகளையும் நூலையும் ஒரு சாக்கில் சேர்த்து வந்தால், கால்மிதிக்கோ திண்ணையில் போடும் இருக்கைத் திண்டுக்கோ உள்ளே அடைக்கலாம். அவை நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், இல்லையென்றால் திண்டு அடுத்த மழைக்கே நாற்றம் அடிக்கும்.