ஞானப்பல் எடுத்தாச்சா? முதலில் ஸ்ட்ராவைத் தூக்கிப் போடுங்கள்

போன வாரம் பெருந்துறைப் பக்கமிருந்து ஒரு கல்லூரிப் பையன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு எங்கள் கிளினிக்குக்கு வந்தான். நான்கு நாள் முன்புதான் அவனுக்குக் கீழ்த்தாடை ஞானப்பல்லை எடுத்திருந்தோம். "என்ன கண்ணு சாப்பிட்டே?" என்று கேட்டேன். அவனுடைய அம்மா முந்திக்கொண்டு, "சூடு ஆகாதுன்னு இளநி மட்டுந்தானுங்க குடுத்தேன். காலையில ஒண்ணு, பொழுதோட ஒண்ணு" என்றார். எதில் குடித்தான் என்று கேட்கும்போதே எனக்குப் பதில் தெரிந்துவிட்டது.

ஈரோட்டில் பல் மருத்துவருக்கு உதவியாளராக 11 வருடமாக இருக்கிறேன். இந்த வேலைக்கு வரும் முன் நானும் இதே தவறைச் செய்து அவதிப்பட்டவள். முறுக்கும் தட்டுவடையும் கடிக்கக் கூடாது என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை. நல்லது என்று நினைத்துச் செய்வதில்தான் ஆள் மாற்றி ஆள் மாட்டிக்கொள்கிறார்கள். அவற்றை மட்டும் சொல்கிறேன்.

மரப்பு போகும் முன் சாப்பிடுவது

பல் எடுத்த பக்கத்து உதடும் நாக்கும் இரண்டு மூன்று மணி நேரம், சில சமயம் அதற்கு மேலும் மரத்துக் கிடக்கும். பசிக்கிறதே என்று அப்போது சாப்பிட்டால் கன்னத்தையோ நாக்கையோ கடித்தாலும் தெரியாது. காபி சுட்டாலும் தெரியாது. பொறுங்கள்.

உறிஞ்சுவது

பல்லைப் பிடுங்கிய குழியில் இரத்தம் ஊறி, உறைந்து, ஒரு கட்டியாக நிற்கும். அடியில் இருக்கும் எலும்புக்கும் நரம்புக்கும் அதுதான் மூடி. புதுச் சதை வளர ஆரம்பிப்பதும் அதில்தான். ஸ்ட்ராவை வாயில் வைத்து உறிஞ்சினால் அந்தக் கட்டி இழுபட்டுப் பெயர்ந்துவிடக்கூடும். பெயர்ந்தால் எலும்பு வெறுமனே வெளியே தெரியும். ட்ரை சாக்கெட் என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். மேல்பல்லைவிடக் கீழ்த்தாடை ஞானப்பல் எடுத்தவர்களுக்கே இது அதிகம் வருகிறது.

எனக்கு 23 வயதில் எடுத்தார்கள். அப்போது திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதும் வேலை. இரண்டாம் நாள் மதியம் வலி நன்றாகக் குறைந்திருந்தது. வழியில் தள்ளுவண்டியில் பொள்ளாச்சி இளநீர் குவித்து வைத்திருந்தார்கள். ஒன்று வெட்டச் சொன்னேன், ஸ்ட்ரா போட்டுக் கொடுத்தார்கள், கடைசிச் சொட்டு வரை உறிஞ்சினேன். மூன்றாம் நாள் இரவு காதுக்குள் ஆணி அடித்த மாதிரி வலி கிளம்பியது. பல் எடுத்த அன்று ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், அன்று விடிய விடிய உட்கார்ந்து அழுதேன். வாயில் அழுகல் நாற்றம், மாத்திரை போட்டும் அடங்கவில்லை. அப்புறம் மூன்று தடவை போய்க் குழியைக் கழுவி, மருந்து வைத்துவிட்டு வந்தேன். ஐந்து நாள் சம்பளம் போயிற்று.

எனக்கு இன்னும் ஆறாதது என்னவென்றால், எடுத்த இடத்தில் இதை யாரும் சொல்லவே இல்லை. "சூடா சாப்பிடாதீங்க, ஐஸ்கிரீம் சாப்பிடுங்க" என்றதோடு சரி. உறிஞ்சக் கூடாது என்று ஒரு வரி சீட்டில் எழுதியிருந்தால் நான் அந்த வண்டிப் பக்கமே போயிருக்க மாட்டேன். அதனால்தான் இப்போது எங்களிடம் வருகிறவர்களுக்கு மூன்று தடவை சொல்லி, கூட வந்தவரையும் திருப்பிச் சொல்லச் சொல்கிறேன். அப்படியும் சிலர் மறந்துவிடுகிறார்கள். பெருந்துறைப் பையனுக்கும் சொன்னோம். ஆனால் அன்று கூட வந்தது அவன் சிநேகிதன். வீட்டில் இளநீர் வாங்கி வைத்த அம்மாவுக்கு விஷயம் போகவே இல்லை.

ஸ்ட்ராவில் குடித்த எல்லாருக்கும் இப்படி ஆவதில்லை. சிக்கலே அங்கேதான். "நானும் குடிச்சேனுங்க, ஒண்ணும் ஆகலீங்க" என்று சொல்ல ஊரில் நாலு பேர் இருப்பார்கள். அவர்களுக்கு ஆகவில்லை என்பதற்காக நீங்கள் துணிய வேண்டாம்.

இளநீர் தாராளமாகக் குடிக்கலாம். டம்ளரில் ஊற்றி, உதட்டில் வைத்து மெதுவாகச் சாய்த்துக் குடியுங்கள். காயின் துளையில் வாய் வைத்துக் குடித்தாலும் நம்மை அறியாமல் உறிஞ்சத்தான் செய்வோம். நுங்கைக் கண்ணில் வாய் வைத்து உறிஞ்சுவது, நல்லி எலும்பு, முருங்கைக்காய், குச்சி ஐஸ், உள்ளங்கையில் வாங்கி 'சுர்'ரென்று இழுக்கும் ரசம் எல்லாமே இதில் சேர்த்திதான். ஒரு வாரம் போகட்டும். எச்சிலைக் காறித் துப்புவதும் இதே வேலையைச் செய்யும். முதல் 24 மணி நேரம் கொப்புளிக்கவே வேண்டாம். அதன்பின் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரை வாயில் விட்டு, தலையை இப்படியும் அப்படியும் சாய்த்து, தானாக வழிய விடுங்கள்.

இன்னொன்று. வலி நாளுக்கு நாள் குறைய வேண்டும். வீக்கம் இரண்டு மூன்று நாள் வரை ஏறலாம், அது வேறு. குறைந்த வலி மூன்றாம் நாள் திரும்பி ஏறினால், மாத்திரையைக் கூட்டிப் போட்டுக்கொண்டு வீட்டில் கிடக்காமல் எடுத்த மருத்துவரிடமே போங்கள்.

பீடி, சிகரெட், புகையிலை

உறிஞ்சுவதோடு புகையும் சேர்கிறது. தொடாதீர்கள்.

தாளிப்பு

இதை நினைத்துப் பார்ப்பவர்கள் குறைவு. மென்மையான சாதம்தானே என்று அரிசியும்பருப்பும் சாதத்தைக் குழைத்துக் கொடுப்பார்கள். அதில் கடுகும் சீரகமும் மிளகாயும் இருக்கும். கடுகு போய்க் குழியில் உட்கார்ந்தால் நாக்கு அங்கேயே போய்க்கொண்டிருக்கும், கை குச்சியைத் தேடும். குச்சியை மட்டும் குழிக்குள் விட்டுக் குத்தாதீர்கள்.

இரண்டாம் நாளிலிருந்து அரிசியும்பருப்பும் சாதம் நல்ல சாப்பாடுதான். தண்ணீரைக் கூட்டி, தாளிக்காமல், மிளகாய் போடாமல் வேகவைத்து, நெய் விட்டு மசித்துக் கொடுங்கள். பாசிப்பயறு கடைந்ததும் அப்படித்தான். நீர்மோரை வடிகட்டுங்கள். கூழ் என்றால் ராகி. நன்றாகக் கரைத்து ஆறவைத்தால் வழுவழுவென்று இறங்கும். கம்பங்கூழில் குருணை தட்டுப்படும், அது பிறகு. சந்தகையை, அதாவது இடியாப்பத்தை, பாலில் ஊறவிட்டால் மெல்லவே வேண்டாம்.

பட்டினி

வாய் ஒரு விரல் அளவுதான் திறக்கிறது என்று சிலர் இரண்டு நாள் வெறும் மோரிலேயே கிடப்பார்கள். வெறும் வயிற்றில் வலி மாத்திரை போட்டு வயிறு எரிந்து வருவார்கள். குழந்தைகளுக்கு ஊட்டும் சின்ன ஸ்பூன் எடுத்துக்கொள்ளுங்கள். புண் ஆறப் புரதம் வேண்டும். மசித்த முட்டை, தயிர், வடிகட்டிய கோழிச் சாறு. தயிர் சாப்பிட்டால் சீழ் பிடிக்கும் என்று பெரியவர்கள் தடுப்பார்கள். அப்படி ஒன்றுமில்லை.

சூடும் காரமும்

முதல் நாள் சூடு பட்டால் இரத்தம் திரும்பக் கசியும். கொள்ளு ரசம் உடம்புக்கு நல்லதுதான், ஆனால் ஆறவைத்து, மிளகைக் குறைத்து, மூன்று நாள் கழித்து.

மாத்திரைச் சீட்டைப் படிக்காமல் விடுவது

மெட்ரோனிடசோல் என்ற கிருமிக்கொல்லி மருந்தை எழுதிக் கொடுத்திருந்தால் மாத்திரை முடிந்தும் மூன்று நாளைக்கு மது கூடாது. வாயில் இரும்பு மாதிரி ஒரு ருசி அடிப்பதும் அந்த மாத்திரையால்தான். சாப்பாடு கெட்டுவிட்டது என்று தட்டைத் தள்ளி வைக்காதீர்கள்.

ஒரு வாரத்தில் எல்லாம் சரி என்று நினைப்பது

குழி மூடச் சில வாரங்கள் ஆகும். அதுவரை சோற்றுப்பருக்கை போய் உட்காரத்தான் செய்யும். ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் உப்புத் தண்ணீர். மருத்துவர் சரி என்றால், ஊசி இல்லாத சிரிஞ்சில் தண்ணீர் எடுத்து மெதுவாகப் பீய்ச்சிக் கழுவலாம். நிலக்கடலை குழி மூடின அப்புறம்தான், அதுவும் மறுபக்கத்துப் பல்லில்.